401 நெடுஞ்சாலையில் ஒரு தை மாத இரவு

ரொறன்ரோவில் இருந்து மொன்றியலுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் எங்கள் மத்தியில் இல்லை என்றே சொல்லலாம். கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா, செத்தவீடு என்று ஏதோ ஒன்று வருடத்தில் ஒரு தடவையாவது எங்களை அந்தப் பாதையில் ஏற்றிவிடும். ஏறக்குறைய 540 கிலோமீற்றர். ஐந்தரை மணித்தியாலத்தில் போய்விடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது கோடை காலத்துக் கணக்கு.

2019ஆம் ஆண்டு தை மாதத்தில் நாங்கள் போன பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. அன்றைய இரவு நான் செய்த பிழையைப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

புறப்பாடு

மாமியின் தமக்கை மொன்றியலில் காலமாகி அந்தியேட்டிக்கு நாள் வந்துவிட்டது. காலை எட்டு மணிக்குக் கிரியை தொடங்கும். எனக்கோ வெள்ளிக்கிழமை பின்னேர ஷிவ்ற். இரவு பதினொரு மணிக்குத்தான் முடியும். "பஸ்ஸில போவம் அப்பா, குழந்தையும் இருக்கு" என்று மனைவி சொன்னார். நான்கு மாதத்துக்கு முன்புதான் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். கார் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதா என்று எனக்கு ஒரு ரோசம். பஸ் காசையும் பெற்றோல் காசையும் கடதாசியில் எழுதிக் கூட்டிக் காட்டி, காரில் போவதுதான் இலாபம் என்று முடிவு கட்டினேன்.

காரில் சின்னக் குறை ஒன்று இருந்தது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை றேடியேற்றர்த் தண்ணீர் கொஞ்சம் குறையும். நான் குழாய்த் தண்ணீரைப் போத்தலில் பிடித்து ஊற்றிவிடுவேன். எனக்கு அது பெரிய விடயமாகத் தெரியவில்லை. ஊரில் சின்ன வயதில் நான் பார்த்த முதல் கார் மாமாவின் பழைய ஒஸ்ரின். பொருளாதாரத் தடைக் காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. ஐந்து மைல் போனால் நின்று ஆவி விடும். யாராவது ஒரு வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளி வந்து ஊற்றுவது என் வேலை. கார் சூடானால் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று நான் படித்தது அங்கேதான். தண்ணீர் கல்லாக உறையும் நாடு ஒன்று இருக்கும் என்று அப்போது யார் கண்டது.

பதினொன்றே முக்காலுக்கு ஸ்காபரோவில் மார்க்கம் வீதியால் 401இல் ஏறினோம். ரொறன்ரோவில் அப்போது மைனஸ் 10. பின் இருக்கையில் மாமியும், எட்டு மாதப் பிள்ளையும், மனைவியும். ஹீற்றர் நன்றாகவே வேலை செய்தது. மாமி கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தேவாரம் முணுமுணுத்தபடி வந்தார்.

புதியவர்களுக்கு ஒரு விடயம். 401இல் வெளியேறும் வழிகளுக்கு இட்டிருக்கும் இலக்கம் சும்மா இட்டது அல்ல. மேற்கே வின்ட்சர்ப் பக்கத்தில் இருந்து எத்தனையாவது கிலோமீற்றர் என்பதே அந்த இலக்கம். மார்க்கம் வீதி 383. கியூபெக் எல்லை 828. கழித்துப் பார்த்தால் இன்னும் எவ்வளவு தூரம் என்று உடனே தெரியும். கார் நின்றுபோய் 911ஐ அழைத்தாலும் கடைசியாகத் தாண்டிய இலக்கத்தைச் சொன்னால் போதும், ஆங்கிலம் அதிகம் தேவையில்லை.

ஒஷாவா தாண்டி, போமன்வில் அருகே டார்லிங்ரன் அணுமின் நிலையத்தின் வெளிச்சம் வலது கைப்பக்கம் தெரிந்தது. அதற்கு அப்பால் ஒன்ராறியோ ஏரி, வெறும் இருட்டு. போர்ட் ஹோப், கோபேர்க் கடந்து கோல்போர்னில் வீதியோரம் நிற்கும் அந்தப் பெரிய ஆப்பிள் உருவம் வெள்ளையாகிப் போய் நின்றது. ரென்ரனில் விமானப்படைத் தளம் இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் இறந்த கனடியப் படையினரின் உடல்கள் அங்கே இறக்கப்பட்டு இந்தப் பாதையாலேயே ரொறன்ரோவுக்குக் கொண்டுவரப்பட்டன. மேம்பாலங்களில் சனங்கள் கொடியோடு நின்று மரியாதை செய்வார்களாம். அதனால் 2007இல் இந்தப் பகுதிக்கு வீரர்களின் நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தார்கள்.

பெல்வில் தாண்டி

பெல்வில்லைத் தாண்டும்போது மனைவி, "என்னப்பா, காத்துக் குளிருது" என்றார். கையை வைத்துப் பார்த்தேன். காற்று பலமாக வருகிறது, ஆனால் சூடு இல்லை. வெளியே மைனஸ் 23. காலால் கொஞ்சம் அமத்தி வேகம் கூட்டினால் இளஞ்சூடு வரும், வேகம் குறைந்தால் மறுபடி குளிர். பத்து நிமிடத்தில் கண்ணாடியின் உட்பக்கம் பனி பூத்தது. துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். மாமி தன் சால்வையைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றினார். எவரும் கதைக்கவில்லை.

அப்போதுதான் டாஷ்போட்டில் வெப்பம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். வழக்கமாக நடுவில் நிற்கும் முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே குளிர், எஞ்சினில் கொதி. இது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் இனி ஓட்டக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. 579இல் நாப்பனிக்கு இறங்கி, பெரிய லொறிகள் நிற்கும் பெற்றோல் நிலையம் ஒன்றில் நிறுத்தினேன். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணென்று இருந்தது. மனைவி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாப்பனியில்

அவர்களைக் கோப்பிக் கடைக்குள் இருத்திவிட்டு வந்து பொனற்றைத் திறந்தேன். பழக்கதோசத்தில் றேடியேற்றர் மூடியில் கை வைத்துவிட்டேன். "நோ, நோ, பேட்டா!" என்று பின்னால் ஒரு குரல். தலைப்பாகை கட்டிய பஞ்சாபிப் பெரியவர், லொறிச் சாரதி. என் கையைப் பிடித்து இழுத்தார். சூடான றேடியேற்றரைத் திறந்தால் உள்ளிருக்கும் கொதிநீர் அழுத்தத்தில் சீறி அடித்து முகத்தை வேகவைத்துவிடும். ஒரு மணித்தியாலம் பொறு என்றார்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் கோப்பி குடித்தபடி அவர் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த பாடம். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவு. ஆகவே நன்றாக விளங்கியது.

காரில் ஹீற்றர் என்று தனியாக நெருப்பு எதுவும் இல்லை. எஞ்சின் கொதிக்கும், அந்தச் சூட்டைக் கூலன்ற் என்ற திரவம் எடுத்துக்கொண்டு சுற்றிவரும். முன்னால் உள்ள பெரிய றேடியேற்றர் அந்தச் சூட்டை வெளியே விடும். டாஷ்போட்டுக்குப் பின்னால் சின்னப் புத்தகம் அளவில் இன்னொரு குட்டி றேடியேற்றர் இருக்கிறது. கூலன்றில் ஒரு பங்கு அதற்குள்ளும் ஓடும். விசிறி அதன் ஊடாகக் காற்றை ஊதும். அந்தக் காற்றுத்தான் எங்களுக்கு வரும் சூடு. கூலன்ற் குறைந்தால் குட்டி றேடியேற்றருக்குள் காற்றுப் புகுந்துவிடும், ஹீற்றர் முதலில் குளிரும். அதன் பிறகு எஞ்சின் கொதிக்கும். ஆகவே ஹீற்றர் குளிர்ந்து முள்ளும் மேலே ஏறினால் காரை உடனே ஓரங்கட்டவேண்டும்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் வேலை செய்யும் பிளாஸ்ரிக் தொழிற்சாலையிலும் அச்சைக் குளிரவைக்க இதே மாதிரிக் குழாயில்தான் தண்ணீர் ஓடுகிறது. தண்ணீர் குறைந்தால் மணி அடிக்கும், நான்தான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். முதலாளியின் இயந்திரத்துக்குப் பார்த்ததை என் பிள்ளை ஏறும் காருக்குப் பார்க்கவில்லை.

எஞ்சின் ஆறியபின் மூடியைத் துணியால் பிடித்து மெல்லத் திறந்தோம். தண்ணீர் கீழே போயிருந்தது. பெரியவர் தன் லொறியில் இருந்து ஒரு சின்னக் கருவி கொண்டுவந்தார். றப்பர்க் குமிழை அமத்திக் கூலன்றை உறிஞ்சினால் எந்தக் குளிர் வரை உறையாது என்று ஊசி காட்டும். வாகனச் சாமான் கடைகளில் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஊசி மைனஸ் 15 காட்டியது. பெரியவர் தலையைப் பிடித்தார். "என்ன ஊற்றினாய்?" "தண்ணீர்." "எவ்வளவு நாளாக?" நான் பதில் சொல்லவில்லை.

கூலன்றும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 வரை உறையாது. தண்ணீர் கூடக்கூட அந்தக் காவல் குறையும். தண்ணீர் உறையும்போது பருமன் ஒன்பது வீதமளவு கூடும். அந்த விரிவு எஞ்சின் இரும்பையே வெடிக்க வைக்கும். அன்றிரவு மொன்றியலில் மைனஸ் 26. அப்படியே கொண்டுபோய் வீதியில் விட்டிருந்தால் காலையில் கார் இருந்திருக்காது. அதற்காகக் கலக்காத கூலன்றை மட்டும் முழுக்க ஊற்றுவதும் பிழை. தனிக் கூலன்ற் மைனஸ் 13 அளவிலேயே உறையத் தொடங்கிவிடும். கலவையில்தான் பலன் இருக்கிறது.

கடையில் இரண்டு விதம் விற்பார்கள். ஒன்று ஏற்கனவே தண்ணீர் கலந்தது, மற்றது கலக்காதது. என்னுடைய காரில் தண்ணீர் ஏற்கனவே அதிகம் என்பதால் கலக்காததை வாங்கச் சொன்னார். ஏறக்குறைய மூன்று லீற்றர் பிடித்தது. ஒழுக்கு எங்கே என்று ரோர்ச் அடித்துப் பார்த்தார். கீழ்ப்பக்க றப்பர்க் குழாயை இறுக்கும் கிளிப் தளர்ந்திருந்தது. குளிரில் றப்பரும் இரும்பும் சுருங்கும்போது இப்படியான ஒழுக்குக் கூடுமாம். திருகாணியால் முறுக்கிவிட்டார். பிறகு மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஸ்ராட் செய்து, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, உள்ளிருந்த காற்று குமிழி குமிழியாக வெளியேறும் வரை காத்திருந்தோம். பத்து நிமிடத்தில் சூடான காற்று வந்தது. மறுபடி சோதித்தபோது ஊசி மைனஸ் 35ஐத் தாண்டி நின்றது.

காசு நீட்டினேன். வாங்கவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு லொறியில் ஏறிப் போய்விட்டார். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எந்தக் குறைக்கு எது காரணம்

பெரியவர் சொன்னதையும், மறுநாள் மொன்றியலில் அந்தக் குழாயை மாற்றித்தந்த எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணை சொன்னதையும் சேர்த்துத் தருகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றே வரவில்லை: முதலில் பியூஸைப் பாருங்கள். பழைய கார்களில் விசிறி கடைசி வேகத்தில் மட்டும் சுற்றி, மற்ற வேகங்களில் சுற்றாவிட்டால் றெசிஸ்ரர் என்ற சின்னச் சாமான் எரிந்திருக்கும். பெரிய செலவு இல்லை. யாராவது விசிறி மோட்டரை மாற்றவேண்டும் என்று சொன்னால் இதைக் கேட்டுப்பாருங்கள்.

காற்று வருகிறது, பலம் இல்லை: பல கார்களில் முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டிக்குப் பின்னால் காற்று வடிகட்டி ஒன்று இருக்கும். இலையும் தூசியும் அடைத்திருக்கும். கையாலேயே கழற்றி மாற்றலாம்.

காற்று குளிர், முள்ளும் நடுவுக்கு வருவதில்லை: தேர்மோஸ்ரற் திறந்தபடி இறுகியிருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடும்போது கூடுதலாகத் தெரியும்.

காற்று குளிர், முள் சரியாக நடுவில்: முதலில் எஞ்சின் ஆறியபின் கூலன்ற் மட்டத்தைப் பாருங்கள். அது சரியென்றால் ஹீற்றருக்குப் போகும் இரண்டு குழாயையும், எஞ்சின் சூடானபின் விசிறி பட்டியில் கை படாமல் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் குட்டி றேடியேற்றர் அடைத்துவிட்டது. இரண்டும் சூடு என்றால் உள்ளே சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவு இறுகிவிட்டது.

இனிப்பு மணம், கண்ணாடியில் பிசுபிசுப்பான புகார், முன் இருக்கைக்காரரின் காலடியில் ஈரம்: குட்டி றேடியேற்றர் ஒழுகுகிறது. தள்ளிப்போடாதீர்கள். கூலன்ற் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய் பூனைகளும் வாயில் வைத்துவிடும். மிச்சக் கானைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கண்ணாடியில் புகார் போகவில்லை: உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை நிறுத்துங்கள். எங்கள் மூச்சு ஈரம்தான் கண்ணாடியில் படிகிறது. சூட்டோடு ஏசியையும் போடுங்கள். வின்ரரில் ஏசியா என்று சிரிப்பீர்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும், கண்ணாடி விரைவில் தெளியும். கண்ணாடிக்கு ஊதும் பொத்தானை அமத்தினால் பல கார்களில் ஏசி தானாகவே ஓடும்.

கோடையில் கார் நிற்கும்போது ஏசி சூடு, ஓடும்போது குளிர்: முன்பக்க விசிறி சுற்றவில்லை என்று பாருங்கள். எப்போதும் சூடு என்றால் வாயு ஒழுகியிருக்கலாம். ஒழுக்கை அடைக்காமல் வாயு மட்டும் நிரப்பினால் காசு காற்றோடு போகும். இந்த வேலையை அதற்குரிய சான்றிதழ் உள்ளவரே செய்யவேண்டும். ஏசி ஓடும்போது காருக்கு வெளியே கீழே தண்ணீர் சொட்டுவது குறை அல்ல.

இதில் மொன்றியலுக்கும் பங்கு இருக்கிறது. பழைய கார்களின் ஏசியில் இருந்த வாயு வானத்தின் ஓசோன் படையை அரித்தது. அதை நிறுத்த உலக நாடுகள் 1987 செப்ரெம்பர் 16இல் ஒப்பந்தம் செய்தது மொன்றியலில்தான். அந்த ஒப்பந்தத்துக்குப் பெயரும் அந்த நகரத்தின் பெயரே. 1990களின் நடுப்பகுதியில் இருந்து வந்த கார்களில் வேறு வாயு. ஆகவே ஒரு காரின் வாயுவை இன்னொன்றுக்கு மாற்றி நிரப்பக்கூடாது.

மிச்சப் பாதை

மூன்றேகாலுக்கு நாப்பனியில் இருந்து புறப்பட்டோம். கிங்ஸ்ரன், கனநோக்வே எல்லாம் இருட்டில் போயின. இங்கே ஒரு எச்சரிக்கை. 661ஆம் வழி ஆயிரம் தீவுப் பாலத்தால் அமெரிக்காவுக்குப் போகும். அகதி வழக்கு முடியாதவர்கள் தவறி அதில் இறங்கி எல்லைச் சாவடிக்குப் போய்விட்டால் வீண் சிக்கல். பிறெஸ்கொற், கோர்ன்வோல் பக்கங்களிலும் இப்படிப் பாலங்கள் உண்டு. நித்திரைக் கண்ணோடு ஓட்டாதீர்கள்.

828 தாண்டினால் கியூபெக். பாதை 20 ஆகிறது, பலகைகள் பிரெஞ்சில். டோரியன் அருகே நெடுஞ்சாலையிலேயே சந்தி விளக்குகள் வரும், வேகத்தைக் குறையுங்கள். மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பக்கூடாது. கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோக்காரர் எங்களுக்கு அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் அந்த ரயர் இல்லாமல் தை மாதத்தில் போகாதீர்கள்.

ஏழு மணிக்கு வீட்டு வாசலில் நின்றோம். மாமி காரால் இறங்கும்போது, "தம்பி, அக்காவின்ர காரியத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திட்டீங்கள்" என்றார். அந்த வார்த்தையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சேர்த்தது நான் இல்லையே. எட்டு மணிக்குக் கிரியை தொடங்கியது. பிள்ளை ஐயரின் மணிச்சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் திரும்பினோம். போகும்போது இருட்டில் தெரியாததெல்லாம் அப்போது தெரிந்தது. சென் லோறன்ஸ் ஆறு கரையோரம் உறைந்து நடுவில் மட்டும் கறுப்பாக ஓடியது. "எங்கட தொண்டைமானாறு மாதிரி அகலம்" என்று மாமி சொன்னார். அது அதைவிடப் பல மடங்கு அகலம். நாங்கள் யாரும் மறுத்துச் சொல்லவில்லை. நாப்பனியில் மறுபடி இறங்கினோம். பெரியவரைக் காணவில்லை. அதே மேசையில் இருந்து கோப்பி குடித்துவிட்டு வந்தோம்.

இப்போது என் காரில் எப்போதும் இரண்டு கம்பளி, ரோர்ச், ஒரு கான் கூலன்ற், தண்ணீர், பிஸ்கற், பனி வழிக்கும் மண்வெட்டி இருக்கும். பனிக்குள் கார் புதைந்து எஞ்சினை ஓடவிட வேண்டி வந்தால் முதலில் பின்னாலுள்ள புகைக்குழாயைச் சுற்றிப் பனியை வழித்துவிடுங்கள். அது அடைத்தால் மணமில்லாத நச்சு வாயு உள்ளே வந்து நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். கண்ணாடியையும் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கி, எஞ்சின் ஆறியிருக்கும்போது பொனற்றைத் திறந்து பாருங்கள். கூலன்ற் குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்று கேளுங்கள். போத்தலில் தண்ணீர் பிடிக்கப் போகாதீர்கள். உங்கள் பயணங்கள் சுகமாக அமையட்டும்.